கார்த்திகை உற்சாகமும் தைச் சோர்வும்: நெட்டில் விற்கும் ‘கடிகார மருந்தை’ வாங்கலாமா?

வாசகி கேட்கிறார்:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு, நாங்கள் கூடலூர் பக்கம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. என் வீட்டுக்காரர் சொந்தமாக டிராவல்ஸ் வேன் ஓட்டுகிறார். நாலு வருசத்துக்கு முன்னால் ‘பைபோலார்’, மனசு அளவுமீறி ஏறி இறங்கும் நோய் என்று சொல்லி லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலை சீசன், ராத்திரி பகல் என்று பார்க்காமல் வண்டி ஓடும். சொல்லப்போனால் அந்த இரண்டு மாசம்தான் அவர் நன்றாக இருக்கிறார். சிரிப்பு, பேச்சு, கேட்டவருக்கெல்லாம் காசு. தை பிறந்து பத்து நாளில் படுத்துவிடுகிறார். போன தையில், “நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்று கேட்டார். என் மகன் பி.ஃபார்ம் படிக்கிறான். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் கெட்டதால்தான் இந்த நோய் வருகிறது, அதைச் சரிசெய்ய மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோ காட்டினான். ‘எஸ்.ஆர். 9009’ என்று ஒன்று நெட்டில் விற்கிறது. “அதை வாங்கிப் போட்டுக்கிறேன், லித்தியத்தை விட்டுடறேன், சீசனை ஓட்டிடறேன்” என்கிறார் இவர். வேனுக்கு டியூ கட்ட வேண்டும். அந்த மருந்தை வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. நெட்டில் விற்கும் அதை வாங்க வேண்டாம். லித்தியத்தை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். இந்தச் சீசனில் அவர் ராத்திரி வண்டி எடுக்க வேண்டாம். மூன்றாவதாகச் சொன்னதுதான் உங்கள் வீட்டில் இடி மாதிரி விழும் என்று தெரியும். வேன் டியூவை நான் மறந்துவிடவில்லை, அதற்கும் வருகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் ஒரே வரியில் நின்றுவிட்டேன். ‘அந்த இரண்டு மாசம்தான் அவர் நன்றாக இருக்கிறார்.’ இந்த வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சீசன் தொடங்கி முதல் பத்து நாளில் அவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? மூன்று மணி நேரம் கண்ணை மூடி எழுந்தாலும் களைப்பே இல்லை என்கிறாரா? பேச்சு வேகமாகிறதா? கேட்டவருக்கெல்லாம் காசு கொடுப்பது கார்த்திகையில் மட்டும்தானா? இவற்றில் இரண்டுக்கு ஆமாம் என்றால், நீங்கள் ‘நன்றாக இருக்கிறார்’ என்று நினைக்கும் நாட்களிலேயே நோய் தொடங்கிவிட்டது. தையில் அவர் படுப்பது அந்த ஏற்றத்தின் இறக்கம். நம் மலைப்பாதை மாதிரிதான். குமுளிக்கு ஏறிய வண்டி லோயர் கேம்ப்புக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். படிப்பு முடித்த புதிதில், வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் ஒருவர் வந்தார். சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றார். மனச்சோர்வு என்று முடிவுகட்டி அதற்குரிய மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவர் அண்ணன் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாலு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. கடன் வாங்கி இரண்டு ஆட்டோவுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். தொண்டை கட்டும்வரை பேசிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு முன்பும் அப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. அன்று முதல் மனச்சோர்வு என்று யார் வந்தாலும், “எப்போது ரொம்ப நன்றாக இருந்தீர்கள்? அப்போது எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்?” என்று கேட்காமல் மருந்து எழுதுவதில்லை.

ராத்திரி முழுக்க விழித்திருந்தால் மனசு ஏன் மேலே ஏறும்? இது உங்கள் வீட்டுக்காரரின் கற்பனை இல்லை. 1971-ல் ஜெர்மனியில் ஃப்ளூக், டோலே என்ற இரண்டு மருத்துவர்கள் இதை முறையாகப் பதிவு செய்தார்கள். மனச்சோர்வில் கிடப்பவர்களை ஒரு முழு இரவு தூங்கவிடாமல் வைத்திருந்தால், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறுநாள் காலையில் மனம் லேசாகிவிடுகிறது. மருந்து வாரக்கணக்கில் செய்வதை ஒரே இரவு செய்துவிடுகிறது. ஆனால் தூங்கி எழுந்ததும் பெரும்பாலோருக்குப் பழைய பாரம் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். பைபோலார் உள்ளவர்களுக்கோ வேறொரு ஆபத்தும் இருக்கிறது. லேசான மனம் லேசோடு நிற்காமல் மேலே, மேலே என்று போய்விடும். அமெரிக்க மனநல ஆய்வாளர் தாமஸ் வேர் 1987-ல், பித்துநிலைக்கு, அதாவது மேனியாவுக்கு, போகும் பாதைகள் பலவாக இருந்தாலும் கடைசியில் அவையெல்லாம் வந்து சேரும் இடம் தூக்கக் குறைவுதான் என்று எழுதினார். துக்க வீடு, பிரசவம், தூரப் பயணம், ராத்திரி வேலை என்று காரணம் எதுவானாலும் தூக்கம் குறைகிறது. தூக்கம் குறைந்ததும் மனம் ஏறுகிறது. ஏறிய மனம் மறுபடி தூக்கத்தைக் குறைக்கிறது. பிரேக் பிடிக்காத இறக்கத்தில் வண்டிக்கு வேகம் கூடுவதுபோல அது கூடிக்கொண்டே போகும். உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த உதாரணம் உடனே புரியும். இந்தப் பத்தியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இனி உங்கள் மகனுக்கு. தம்பி பார்த்த வீடியோவில் உண்மை நிறையவே இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது.

உடல் கடிகாரம் என்பது உவமை இல்லை, அதற்கு முகவரி உண்டு. இரண்டு கண் நரம்புகளும் மூளைக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு நேர் மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புசெல்கள் கொண்ட ஒரு சின்னத் திரள் இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். கண்ணில் பார்வைக்கு உதவும் செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் அறியும் செல்களும் உண்டு. விடிந்ததா, இருட்டியதா என்ற சேதியை அந்தத் திரளுக்கு அனுப்புபவை அவைதான். அவை நீல நிற வெளிச்சத்துக்கு ரொம்பக் கூர்மையானவை. ராத்திரி போன் திரை கடிகாரத்தின் வேலையைக் கெடுப்பது இந்த வழியாகத்தான். தலைமைக் கடிகாரம் ஒன்று என்றாலும் ஈரல், இதயம், தோல் என்று உடம்பின் ஏறத்தாழ ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு குட்டிக் கடிகாரம் ஓடுகிறது. ‘கிளாக்’, ‘பிமால்-1’ என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து ‘பீரியட்’, ‘கிரிப்டோகுரோம்’ என்ற இரண்டைத் தயார் செய்ய உத்தரவு போடும். அந்த இரண்டும் போதுமான அளவு சேர்ந்ததும் திரும்பி வந்து, உத்தரவு போட்டவர்களின் வாயையே அடைக்கும். பிறகு அவை மெல்லச் சிதைந்து தீர, மறுபடி உத்தரவு கிளம்பும். இந்த ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். பழ ஈயில் ‘பீரியட்’ மரபணு இருப்பதை 1971-ல் கொனாப்காவும் பென்சரும் காட்டினார்கள். அது இயங்கும் விதத்தை அவிழ்த்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த விஞ்ஞானத்தில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் உடல் கடிகார ஆராய்ச்சியை வேரூன்ற வைத்தார். அவரும் அவர் மாணவர்களும் 1981-ல் வெளியிட்ட வௌவால் ஆய்வு ஒன்றை நான் நோயாளிகளின் குடும்பத்துக்கு அடிக்கடி சொல்வதுண்டு. வெளிச்சம் எட்டாத குகை ஆழத்தில் ஒரு வௌவாலைக் கூண்டில் தனியாக வைத்தால், அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவி, ஊர் நேரத்தை விட்டு விலகிப் போகிறது. அதே கூண்டு மற்ற வௌவால்கள் குடியிருக்கும் குகைக்குள் இருந்தால், உள்ளே இருப்பது வெளிச்சத்தையே பார்க்காவிட்டாலும், வெளியே பறந்து திரும்பும் கூட்டத்தின் நேரத்தோடு தன் நேரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கூட்டமே அதற்குச் சூரியன். உங்கள் வீட்டு விஷயத்துக்கு வரும்போது இந்த வௌவாலை மறுபடி கூப்பிடுவேன்.

அடுத்து லித்தியம். வீட்டுக்காரர் ‘பழைய மருந்து’ என்று தள்ளப் பார்க்கிற மாத்திரை. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் இது பித்துநிலையைத் தணிக்கிறது என்று எழுதினார். ஏன் தணிக்கிறது என்று அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வோல்ஃப்காங் எங்கெல்மன், நம் ஊர் ரணகள்ளியின் இனத்தைச் சேர்ந்த ஒரு பூச்செடிக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்தார். தினமும் விரிந்து மூடும் அதன் இதழ்களின் சுற்று நீண்டுவிட்டது. மனசு என்று ஒன்று இல்லாத செடியிலும் இந்த மருந்து கடிகாரத்தை மெதுவாக்குகிறது. பிற்பாடு விலங்குகளிலும் அதுவே தெரிந்தது. 1996-ல், ‘ஜி.எஸ்.கே-3’ என்ற நொதியை லித்தியம் கட்டுப்படுத்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2006-ல் அதன் தொடர்ச்சி கிடைத்தது: கடிகாரத்தில் ‘ரெவ்-எர்ப்’ என்று ஒரு பிரேக் இருக்கிறது, அதைச் சிதையாமல் தாங்கிப் பிடிப்பது அந்த ஜி.எஸ்.கே-3, லித்தியம் சேர்ந்ததும் பிடி விட்டு, ரெவ்-எர்ப் சிதைந்து, பிமால்-1 கிளம்புகிறது. அடுத்து 2007-ல் காலின் மெக்லங் என்ற ஆய்வாளரின் குழு, ‘கிளாக்’ மரபணு கெட்ட எலிகளை ஆராய்ந்தது. அவை குறைவாகத் தூங்கின, ஓயாமல் ஓடின, ஆபத்தைச் சட்டை செய்யவில்லை. லித்தியம் கொடுத்தபோது பெருமளவு சாதாரண எலிகளைப்போல ஆகிவிட்டன.

ஆக, கடிகாரத்தைத் தொடும் மருந்து வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் ஆசைப்படுகிறார். நாலு வருசமாக அதைத்தான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கிக்கொண்டிருக்கிறார். லித்தியம் மனசுக்குச் செய்யும் எல்லா நன்மைக்கும் கடிகாரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை; மூளையில் அது தொடும் இடங்கள் வேறும் உண்டு. ஆனால் கடிகாரத்தை அது தொடுவது உறுதி. அதைவிட முக்கியம், மனிதர்களிடம் எழுபது வருசத்துக்கு மேல் பார்த்த அனுபவம் அதற்கு இருக்கிறது.

புது மருந்தை எப்படித் தேடுகிறார்கள் என்று தம்பிக்குச் சொல்ல எனக்கே ஆசை. மழை ஓய்ந்த ராத்திரியில் மலையடிவாரத் தோப்புகளில் மின்மினி பார்த்திருப்பீர்கள். அந்தப் பூச்சியை ஒளிர வைக்கும் மரபணுவை எடுத்து, மனிதச் செல்லில் கடிகார மரபணு எழும்போதெல்லாம் அதுவும் எழும்படி பொருத்துகிறார்கள். நம் கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் 384 குழிகள். ஒவ்வொன்றிலும் அப்படிப்பட்ட செல்கள். கும்மிருட்டுப் பெட்டிக்குள் தட்டை வைத்தால் குழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாக ஒளிரும். நாளுக்கு ஒருமுறை ஏறி, இறங்கி, மறுநாள் மறுபடி ஏறும். கருவி அதை நாட்கணக்கில் அளந்துகொண்டிருக்கும். குழிக்கு ஒரு ரசாயனம் என்று துளி விட்டு, எந்தக் குழியின் அலை நீள்கிறது, எது குறுகுகிறது, எது உயர்ந்து எழுகிறது என்று பார்ப்பார்கள். பல்லாயிரம் ரசாயனங்களை இப்படிச் சலித்தபோது, 2010-ல் ‘லாங்டேசின்’ கிடைத்தது. அது செல்லின் ஒரு நாளை வழக்கத்தைவிட 10 மணி நேரத்துக்கும் மேல் நீட்டியது. 2012-ல் ‘கே.எல். 001’ கிடைத்தது, அது கிரிப்டோகுரோமைச் சிதையாமல் காக்கிறது. அதே 2012-ல்தான், ரெவ்-எர்ப் பிரேக்கை அழுத்தும் எஸ்.ஆர். 9009 பற்றிய ஆய்வு வந்தது. எலிகளில் உடல் எடை குறைந்தது. பிற்பாடு பதற்றமும் குறைந்ததாகச் சொன்னார்கள்.

அதன் பெயர் அங்கிருந்துதான் கிளம்பி உங்கள் மகனின் போனுக்கு வந்து சேர்ந்தது. இடையில் மனிதர்களைக் காணோம். எந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதை மனிதர்களுக்கு மருந்தாக அனுமதிக்கவில்லை. உடற்பயிற்சி செய்யாமலே பலம் வரும் என்று சொல்லி அதை நெட்டில் விற்கிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அதைத் தடை செய்திருக்கிறது. 2019-ல் இன்னொன்றும் தெரிந்தது. ரெவ்-எர்ப் அறவே இல்லாத செல்களிலும் அது வேலை செய்கிறது. அதாவது நாம் நினைத்த பூட்டை மட்டும் திறக்கும் சாவி அது இல்லை. தம்பி, நீ நடந்து வந்த யோசனையையும் கவனி. லித்தியத்தால் ரெவ்-எர்ப் குறைகிறது. எஸ்.ஆர். 9009 ரெவ்-எர்ப்பின் வேலையைக் கூட்டுகிறது. அப்பாவிடமிருந்து முதலாவதைப் பிடுங்கிவிட்டு இரண்டாவதைக் கொடுப்பது, அந்த ஒரு கண்ணியில் பார்த்தால் எதிர்த்திசையில் வண்டியைத் திருப்புவது.

இந்தத் தேடல் ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை என்று கேட்டால், ஆராய்ச்சியாளர்கள் சோம்பி இருப்பதால் இல்லை. மூளையிலும் ஈரலிலும் கணையத்திலும் ஒரே கடிகாரம்தான். மூளைக்கென்று விழுங்குவது எல்லா இடத்தையும் போய்த் தட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். கடிகாரத்தைத் தொடும் எதுவும், கொடுக்கும் வேளையைப் பொறுத்து முள்ளை முன்னே தள்ளும் அல்லது பின்னே இழுக்கும். சாயங்காலம் கொடுத்தால் நல்லது செய்வது விடியற்காலையில் கொடுத்தால் கெடுதல் செய்யலாம். சோதனை எலியோ ராத்திரியில் விழித்திருக்கும் பிராணி. அதற்குப் பகல் தூக்கத்தில் கொடுத்ததை நமக்கு எப்போது கொடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு மனிதர்களிடம் பொறுமையாகப் பதில் தேடித்தான் ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது.

கடிகாரத்தைக் குறிவைத்து வந்து நிலைத்த மனச்சோர்வு மருந்து என்றால் அகோமெலட்டின். இருட்டின் ஹார்மோனான மெலடோனின் போய் ஒட்டும் இடத்தில் இதுவும் ஒட்டும். ஐரோப்பாவில் 2009-ல் அனுமதி பெற்றது, இந்தியாவிலும் கிடைக்கிறது. ஆனால் ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் முதல் ஆறு மாதத்தில் பல தடவை ரத்தப் பரிசோதனை தேவை. பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை எதையும் தனியாகக் கொடுத்தால் என்ன ஆகலாம் என்று என் ஜீப் டிரைவர் கதையில் பார்த்தீர்கள். மெடிக்கலில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் மருந்து இது இல்லை.

சரி, கார்த்திகை வருகிறது. என்ன செய்வது?

வண்டி ஓடட்டும், அவர் ராத்திரி ஓட்ட வேண்டாம். சீசனுக்கு மட்டும் ஒரு ஆக்டிங் டிரைவர் போடுங்கள். பேட்டா போக மிச்சம் குறையும்தான். போன தையில் அவர் எத்தனை வாரம் வேலைக்குப் போகவில்லை, கார்த்திகையில் கைவிட்டுப் போன காசு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பேட்டாவைவிட அது பெரிதாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஓட்டியே ஆக வேண்டும் என்றால், விடிந்தபின் கிளம்பி இருட்டுமுன் நிலக்கல் சேர்கிற டிரிப் மட்டும். அங்கே ஏழு மணி நேரம் படுத்துத் தூங்கி, சாமிமார் இறங்கி வந்ததும் மறுநாள் பகலில் திரும்பலாம். ஒரே ராத்திரியில் போய்த் திரும்பும் டிரிப்பை எத்தனை ரூபாய் அதிகம் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. பைனான்ஸ்காரரிடம் டியூ தள்ளிக் கேட்பதாக இருந்தால் ஐப்பசியிலேயே கேளுங்கள். படுத்தபின் கேட்பதைவிட ஓடும்போது கேட்டால் மரியாதை உண்டு. மேனியாவில் இருக்கும்போது அவர் ஸ்டீயரிங் தொடவே கூடாது. வண்டியில் இருப்பது அவர் ஒருவர் மட்டும் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு மேல் புக்கிங் போனை நீங்கள் எடுங்கள், அல்லது மகன் எடுக்கட்டும். அறை இருட்டாக இருக்கட்டும். நார்வேயில் மேனியாவில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு, மருந்தோடு கூட, மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை நீல வெளிச்சத்தைத் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் நல்ல தணிவு தெரிந்ததாக 2016-ல் வெளியிட்டார்கள். உங்களுக்கு அந்தக் கண்ணாடி தேவையில்லை. விளக்கையும் திரையையும் அணைத்தால் அந்தப் பலன் ஓரளவு கிடைக்கலாம்.

இப்போது அந்த வௌவால். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் என்பவர், பைபோலார் உள்ளவர்களுக்கு அன்றாட நேரத்தைச் சீராக்கும் ஒரு சிகிச்சையை உருவாக்கினார். மருந்தோடு சேர்த்து அதையும் பழகியவர்கள், அடுத்த தாக்குதல் வரும்முன் அதிக காலம் நலமாக இருந்தார்கள் என்று 2005-ல் காட்டினார். அதில் தினமும் குறிப்பது ஐந்தே நேரம்: படுக்கையை விட்டு எழுந்தது, முதல் ஆளோடு பேசியது, வேலையைத் தொடங்கியது, ராத்திரி சாப்பிட்டது, படுத்தது. மளிகைக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர் போதும், கட்டத்துக்குள் பென்சிலால் எழுதலாம். அவரை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். நீங்கள் கேட்டு எழுதுங்கள். அவர் சாப்பிடும் நேரத்தில் நீங்களும் உட்காருங்கள், அவர் படுக்கும் நேரத்தில் வீடே படுக்கட்டும். இரண்டு ராத்திரி தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியும் காலையில் களைப்பே இல்லை என்று அவர் சொன்னால், சந்தோஷப்படாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வெள்ளிக்கிழமை வரட்டும், அமாவாசை போகட்டும் என்று தள்ள வேண்டாம்.

லித்தியத்தைப் பற்றிச் சில எச்சரிக்கை. சீசனில் அவர் வேளை தவறுகிறாரா என்று பாருங்கள். ‘ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்’ என்று சீட்டில் இருக்கும், ராத்திரி சாப்பாடே குட்டிக்கானத்தில் ஒரு மணிக்கு என்றால் மாத்திரை எங்கே போகும்? மணியைக் குறித்துச் சாப்பிடச் சொல்லுங்கள். மாலை போட்டிருந்தாலும் மாத்திரை உண்டு. மருந்தை நிறுத்தச் சொல்லும் விரதம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. வியர்த்துக் கொட்டும்போது தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். இடுப்பு வலி என்று டைக்ளோபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போடுவது டிரைவர்களிடம் சகஜம். அவையும் லித்தியத்தை ஏற்றிவிடும். இதைக் காவல் காப்பது பி.ஃபார்ம் மகனின் பொறுப்பாக இருக்கட்டும். கை பெரிதாக நடுங்கினால், வாந்தி வந்தால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி. நான் ‘ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்’ என்றதற்கு விதிவிலக்கு இது ஒன்றுதான்.

தையில் சோர்வு வந்தால், நடுப்பகல் வெளிச்சம் உதவலாம். பைபோலார் மனச்சோர்வில், மருந்தோடு சேர்த்து, நண்பகலில் பிரகாசமான விளக்கு முன் உட்கார வைத்து நல்ல பலன் கண்ட ஆய்வு 2018-ல் வந்தது. அந்த விளக்கின் வெளிச்சம் 7,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). நம் ஊர் திறந்த வெளியில் பகலில் அதைவிட அதிக வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கிறது. விடியற்காலை வெளிச்சம் சிலரை மேலே தூக்கிவிடும் என்பதால் நண்பகலே பாதுகாப்பு. அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

“நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்ற சொல்லை லேசாக விடாதீர்கள். “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாரம் குறையும். திராட்சைக்கோ ஏலத்துக்கோ அடிக்கும் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மீதி மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் ராத்திரியிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. லித்தியத்தை நீண்டகாலம் எடுப்பவர்களிடம் தற்கொலை குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதைச் சட்டென்று நிறுத்துகிறவர்களுக்கு நோய் வேகமாகத் திரும்புகிறது. அவர் கையிலிருந்து அந்த மாத்திரையைப் பறித்துவிடாதீர்கள் என்று நான் இவ்வளவு தூரம் எழுதுவது இதற்காகத்தான்.

ஐப்பசி முடிவதற்குள் ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பாருங்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பஸ் தூரம்தான். லித்தியம் அளவோடு சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டு இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் இருந்தால் பொதுவாக நல்லது. உங்கள் வீட்டுக்காரருக்கு எந்த அளவு என்பதை அவருடைய மருத்துவர் சொல்வார், சீசனைப் பற்றியும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். முந்தின ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டுக்கு லேபில் இருங்கள். காலையிலும் மாத்திரை உண்டு என்றால், அதைக் கையில் வைத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்தபின் போடச் சொல்லுங்கள்.